ஜிஎன்எம் முடித்து வேலையில் இருப்பவர்களுக்கு: போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்ஸிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிஎன்எம் எனப்படும் பொது நர்ஸிங், மிட்வைஃபரி (பேறுகாலப் பராமரிப்பு) டிப்ளமா முடித்து, ஐந்தோ பத்தோ ஆண்டு வார்டில் நின்றுவிட்டு, மறுபடி கல்லூரிக்குப் போகலாமா என்று யோசிக்கும் நர்ஸ்களுக்காக எழுதியது இது. பாடம் கடினம் என்பதால் படிப்பை விடுபவர்களைவிட, சான்றிதழ், விடுப்பு, தேதிக் குழப்பம் ஆகியவற்றில் சிக்கித் தடுமாறுபவர்களே அதிகம். அதனால் அந்தப் பகுதிகளை விரிவாக எழுதியிருக்கிறோம்.

போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்றால் என்ன? நான்கு வருட பி.எஸ்சி.யை முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லையா?

வேண்டியதில்லை. ஜிஎன்எம் டிப்ளமாவை அடித்தளமாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் இரண்டு ஆண்டு முழுநேரமாகப் படித்துப் பட்டம் பெறுவதுதான் போஸ்ட் பேசிக். தமிழ்நாட்டில் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் நடக்கிறது. பாடத்திட்டம் இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்தது. ஏற்கெனவே ஜிஎன்எம் பதிவு வைத்திருப்பவர் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நான்கு வருடப் படிப்பில் சேர்வதில் எந்த லாபமும் இல்லை. இரண்டு ஆண்டு வீண்.

யார் சேரலாம்?

பிளஸ் டூ தேர்ச்சி, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் ஜிஎன்எம், மாநில நர்ஸிங் கவுன்சிலில் நர்ஸ் மற்றும் மிட்வைஃப் பதிவு. இந்த மூன்றும் அடிப்படை. உடல்தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். மேல் வயது வரம்பு, இட ஒதுக்கீடு, அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான இடங்கள் ஆகியவற்றை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு அந்தந்த ஆண்டு வெளியிடும் தகவல் கையேட்டில் பாருங்கள். பழைய ஆண்டின் கையேட்டை நம்பி இருக்காதீர்கள்.

ஒருங்கிணைந்த ஜிஎன்எம் பாடத்திட்டம் வருவதற்கு முன் படித்த ஆண் நர்ஸ்களிடம் மிட்வைஃபரி பயிற்சி இருக்காது. அதற்கு ஈடாக அறுவை அரங்கு, மனநலம், கண், காசநோய், எலும்பு, சமூக நலம் போன்ற ஏதேனும் ஒரு துறையில் பெற்ற பயிற்சிக்கான சான்றைக் கேட்பார்கள். அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஎன்எம் (துணை நர்ஸ்-மிட்வைஃப்) படித்த கிராம சுகாதார செவிலியர் நேரடியாகச் சேர முடியுமா?

முடியாது. முதலில் ஜிஎன்எம், பிறகு போஸ்ட் பேசிக். ஜிஎன்எம் சேர்க்கைக்குப் பொதுவாக 35 வயது வரம்பு உண்டு. பதிவு பெற்ற ஏஎன்எம்-களுக்கு இந்திய நர்ஸிங் கவுன்சில் அந்த வரம்பை வைக்கவில்லை. ஆகவே நாற்பது வயதிலும் கதவு திறந்தே இருக்கிறது.

பட்டம் வாங்கினால் சம்பளம் தானாகக் கூடுமா?

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கு டிப்ளமாவும் பட்டமும் இரண்டுமே தகுதிகள்தாம். ஒரே பணி, ஒரே ஊதிய நிலை. பட்டம் வாங்கி வந்ததாலேயே மறு மாதம் சம்பளம் உயராது. தனியார் மருத்துவமனைகளில் சில இடங்களில் பட்டதாரிக்குத் தனிப் படிநிலை உண்டு. சில இடங்களில் பெயர்ப் பலகையைத் தவிர வேறொன்றும் மாறாது. சேருமுன் உங்கள் மருத்துவமனை மனிதவளப் பிரிவில், "போஸ்ட் பேசிக் முடித்து வந்தால் எந்தப் பதவி, எவ்வளவு வித்தியாசம்?" என்று நேராகக் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம், மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

பட்டம் உண்மையில் எதையெல்லாம் திறக்கிறது என்றால்: நர்ஸிங் கல்லூரியில் டியூட்டர் பணி (ஓராண்டு அனுபவத்தோடு), எம்.எஸ்சி. நர்ஸிங், வெளிநாட்டில் சில பதிவு நிலைகள், மத்திய அரசுத் தேர்வுகள். நர்ஸிங் அதிகாரி பணிக்காக எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎன்எம் முடித்தவர் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்பார்கள். பட்டதாரிக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆனால் அங்கே வயது வரம்பு 30, சலுகைப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முப்பத்தைந்து வயதில் நார்செட்டை மட்டுமே குறிவைத்துப் பட்டம் படிக்கத் தொடங்குவது வீண் உழைப்பு.

கணக்குப் போட்டால் கட்டுப்படியாகுமா?

உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்று வையுங்கள். இரண்டு ஆண்டு வேலை இல்லாமல் இருந்தால் இழப்பு 4,32,000. கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 70,000 என்றால் 1,40,000. தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு, சீருடை, பேருந்துச் செலவு என்று ஒரு 30,000. மொத்தம் 6,02,000. பட்டத்துக்குப் பின் மாதம் 5,000 ரூபாய் மட்டும் கூடினால், போட்டது திரும்ப வரப் பத்து ஆண்டு ஆகும். உள்ளூர் தனியார் மருத்துவமனையில் அதே வார்டுக்கே திரும்பப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அநேகமாகக் கட்டாது. கற்பித்தல் பக்கம் போகிறவர், வளைகுடா போகிறவர், எம்.எஸ்சி.க்குப் போகிறவர் ஆகியோருக்குக் கட்டும்.

கட்டணம் கேட்கும்போது "மொத்தம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் ஏமாறுவீர்கள். கற்பிப்புக் கட்டணம், பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணம், ஒவ்வொரு தேர்வுக்குமான கட்டணம், மருத்துவமனைப் பயிற்சிக்கான போக்குவரத்து, கிராமப் பயிற்சி, விடுதி என்று பிரித்து எழுத்தில் வாங்குங்கள். இரண்டாம் ஆண்டில் புதிதாக முளைக்கும் தொகைகள்தாம் குடும்பத்தின் கையைக் கடிக்கும்.

கடன் வாங்கிப் படித்தால் வரிச் சலுகை உண்டா?

வங்கியிலோ அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்திலோ வாங்கிய கல்விக் கடன் என்றால், வட்டிக்கு வருமான வரிச் சட்டத்தில் உள்ள விலக்கு (1961 சட்டத்தில் 80-இ பிரிவு) உங்களுக்கும் பொருந்தும். தன் படிப்புக்கு வாங்கிய கடனும் அதில் அடங்கும். அதிகபட்சம் எட்டு ஆண்டு. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே. நகைக்கடனுக்கும் தனிநபர் கடனுக்கும் இது கிடையாது.

வேலையை விடாமலே ரெகுலரில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு கல்லூரி சொல்கிறது. சரியா?

சரியில்லை. இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்திலேயே அதிக அழுத்தம் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் வகுப்பிலும் செயல்முறையிலும் தனித்தனியே 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். பட்டம் வழங்குமுன் செயல்முறைப் பயிற்சி 100 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். "வராமலே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்பவர்கள் உங்கள் பெயரில் பொய்யான வருகைப் பதிவேடு எழுதப் போகிறார்கள் என்று பொருள்.

அது எப்போது வெளிப்படும் என்றால், பட்டம் வாங்கும்போது அல்ல. மூன்று நான்கு ஆண்டு கழித்து. வெளிநாட்டுப் பதிவுக்காக, சான்றிதழ்களை அவற்றைத் தந்த இடத்திலேயே கேட்டுச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள். கல்லூரி, இன்ன ஆண்டு ஆகஸ்ட் முதல் முழுநேர மாணவி என்று எழுதி அனுப்பும். மருத்துவமனை, அதே மாதங்களில் முழுநேர ஸ்டாஃப் நர்ஸ் என்று எழுதி அனுப்பும். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. ஒன்று அனுபவம் கழியும், இல்லையென்றால் பட்டமே சந்தேகத்துக்கு உள்ளாகும். பி.எஃப். கணக்கில் ஒவ்வொரு மாதமும் பதிந்த தொகையை யாரும் மறைக்க முடியாது. அரசுப் பணியில் சேர்ந்த பிறகு இது தெரிய வந்தால் விளைவு இன்னும் மோசம்.

அப்படியானால் வேலையில் இருந்துகொண்டே படிக்க வழியே இல்லையா?

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) தொலைநிலையில், பணியில் இருக்கும் நர்ஸ்களுக்கென்றே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நடத்துகிறது. குறைந்தபட்சம் மூன்று ஆண்டு. பிளஸ் டூவும் ஜிஎன்எம்-மும் பதிவும் உள்ளவருக்குப் பதிவுக்குப் பின் இரண்டு ஆண்டு பணி அனுபவம் வேண்டும். பத்தாம் வகுப்போடு ஜிஎன்எம் முடித்த பழைய தலைமுறையினருக்கு ஐந்து ஆண்டு. ஓப்பன்நெட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். படிப்பு மையங்கள் நர்ஸிங் கல்லூரிகளில் இருக்கும், இடங்கள் குறைவு.

தொலைநிலை என்றதும் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் முதல் செயல்முறை முகாமிலேயே திணறுகிறார்கள். முகாம்களுக்கு நேரில் போயே ஆக வேண்டும். அந்த நாள்களுக்கு விடுப்பு தருவதாக நர்ஸிங் கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்காமல் சேர்ந்தால், மூன்று ஆண்டு படிப்பு நான்கு, ஐந்து என்று இழுக்கும்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாடு போவதே நோக்கம் என்றால், அந்த நாட்டின் பதிவு அமைப்பிடம் தொலைநிலைப் பட்டத்தை எப்படி மதிப்பிடுவார்கள் என்று சேருமுன்னே கேட்டுவிடுங்கள். சில அமைப்புகள் படித்த முறையையும் செயல்முறை மணிநேரத்தையும் தனியே கேட்கும்.

கல்லூரி உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

மூன்று இடத்தில் பாருங்கள்: மாநில நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம், பல்கலைக்கழக இணைப்பு, இந்திய நர்ஸிங் கவுன்சில் பட்டியல். அந்தக் கல்லூரியின் பி.எஸ்சி.க்கு அங்கீகாரம் இருப்பதால் போஸ்ட் பேசிக்குக்கும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படிப்புவாரியாக, ஆண்டுவாரியாக, எத்தனை இடம் என்பதோடு பாருங்கள். நீங்கள் சேரும் ஆண்டுக்கான இணைப்பு ஆணையின் நகலைக் கேட்டால் நல்ல கல்லூரி தயங்காமல் காட்டும். ஓராண்டில் போஸ்ட் பேசிக் பட்டம் தருகிறோம் என்றால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

வெளிமாநிலத்தில் படித்தால், முதலில் அந்த மாநில கவுன்சிலில் பட்டத்தைப் பதிந்து, பிறகு தடையின்மைச் சான்று வாங்கித் தமிழ்நாடு கவுன்சிலுக்கு மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அதைக் கணக்கில் வைத்து வேலைக்கு விண்ணப்பியுங்கள்.

எந்தெந்தச் சான்றிதழ்களை எப்போது தயார் செய்ய வேண்டும்?

ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், ஜிஎன்எம் மதிப்பெண் பட்டியல் எல்லா ஆண்டுக்கும், டிப்ளமா, நர்ஸ் பதிவு, மிட்வைஃப் பதிவு, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அனுபவச் சான்றிதழ், பணிவிடுப்பு ஆணை. வேறு மாநிலத்தில் ஜிஎன்எம் படித்தவர்களிடம் இடப்பெயர்ச்சிச் சான்று, பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்று, மதிப்பெண் பட்டியலின் உண்மைத்தன்மைச் சான்று என்று கூடுதலாகக் கேட்பார்கள்.

தடங்கல் வரும் இடங்கள் இவை:

பதிவு காலாவதியாகியிருக்கும். குழந்தைப்பேற்றுக்குப் பின் இடைவெளி விட்டவர்களிடம் இது சாதாரணம். சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைவ்கள் கவுன்சிலில் முதலில் புதுப்பித்து, தேசியப் பதிவேட்டு எண்ணையும் வாங்கிக்கொண்டு பிறகு விண்ணப்பியுங்கள்.

மூலச் சான்றிதழ்கள் மருத்துவமனையில் இருக்கும். இத்தனை ஆண்டு வேலை செய்வேன் என்று பாண்டு எழுதிக் கொடுத்துச் சேர்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லை. கல்லூரி சேர்க்கை நாளில் மூலங்களைக் கேட்கும், அன்றைக்குப் போய்ச் சண்டை போட முடியாது. நோட்டீஸ் காலம் ஒரு மாதமா மூன்று மாதமா என்று நியமன ஆணையில் பார்த்து, ராஜினாமா கடிதத்திலேயே சான்றிதழ்களைத் திருப்பித் தரும் தேதியையும் எழுதிக் கேளுங்கள். நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் தொலைந்திருக்கும். தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கை பதிவு செய்து, அதோடு பள்ளிச் சான்றிதழுக்குத் தேர்வுத் துறையிடமும் ஜிஎன்எம் சான்றிதழுக்குக் கவுன்சிலிடமும் இரண்டாம் படி கேட்க வேண்டும்.

பெயரில் இனிஷியல் பிரச்சினை என்கிறார்களே, அது என்ன?

பத்தாம் வகுப்பில் "எஸ். கவிதா". ஜிஎன்எம் பதிவில் "கவிதா எஸ்". திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் "கவிதா முருகன்". பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து "கவிதா செல்வம்". நம்மூரில் இந்த நாலு பெயரும் ஒருவருடையதுதான் என்று புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டுச் சரிபார்ப்பு நிறுவனம் புரிந்துகொள்ளாது.

புதிய பட்டத்தில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் நேரம், சேர்க்கைப் படிவம் நிரப்பும் நாள்தான். பல்கலைக்கழகம் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே பதியும். ஆகவே பாஸ்போர்ட்டைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஒத்து வரும்படி வைப்பது எளிது. திருமணப் பெயரைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அந்த இதழின் பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள். பட்டம் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு.

என்னென்ன பாடங்கள்? பத்து ஆண்டு கழித்துப் படித்தால் தலையில் ஏறுமா?

முதல் ஆண்டு: நர்ஸிங் அடிப்படை, ஊட்டச்சத்து, உயிர்வேதியியலும் உயிர்இயற்பியலும், உளவியல், நுண்ணுயிரியல், மகப்பேறு, குழந்தை நலம், மருத்துவ அறுவை நர்ஸிங், ஆங்கிலம். இரண்டாம் ஆண்டு: சமூகவியல், சமூக நலம், மனநலம், நர்ஸிங் கல்வி, நிர்வாகம் தொடர்பான அறிமுகத் தாள், ஆராய்ச்சியும் புள்ளியியலும்.

அனுபவசாலிகள் மருத்துவ அறுவைத் தாளில் நன்றாக எழுதுவார்கள் என்று எதிர்பார்ப்போம்; மதிப்பெண் இழப்பதும் அங்கேதான். காரணம், நர்ஸிங் கேர் பிளானில் "நிமோனியா" என்று டாக்டரின் நோய்க் கணிப்பை எழுதிவிடுவார்கள். தேர்வாளர் எதிர்பார்ப்பது நர்ஸின் கணிப்பு: சளி கெட்டியாக இருப்பதால் சுவாசப் பாதை சரியாகச் சுத்தமாகவில்லை; அதற்குச் சான்று கரகரப்பு ஒலி, ஆக்ஸிஜன் அளவு 90 சதவீதம். பிரச்சினை, காரணம், சான்று என்ற மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும். பிறகு ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில் ஏன் என்று காரணம். வார்டில் இதையெல்லாம் மனசுக்குள் செய்து பழகியவர்களுக்கு எழுதும்போது கை வராது. முதல் மாதத்திலிருந்தே வாரம் ஒரு நோயாளிக்கு எழுதிப் பழகுங்கள்.

செயல்முறைத் தேர்வில் இன்னொரு வழுக்கல். வார்டின் அவசரத்தில் படிந்த குறுக்குவழிகளைக் கை தானாகச் செய்துவிடும், அடிப்படைக் கணக்கும் மறந்துபோயிருக்கும். நரம்பு வழியே ஏற்றும் திரவத்தின் சொட்டுக் கணக்கைப் பாருங்கள்: 1000 மில்லி, 8 மணிநேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். 1000-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. இன்ஃபியூஷன் பம்ப்போடு ஐசியுவில் ஆறு வருடம் இருந்தவருக்கு இந்த எளிய கணக்கு மறந்திருக்கும்.

உயிர்வேதியியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரத்தவாயுப் பரிசோதனையும் பொட்டாசியம் அளவும் தினமும் பார்த்தவர்கள் நீங்கள். அமில காரச் சமநிலைப் பாடத்தை உங்கள் பழைய நோயாளிகளின் அறிக்கையோடு சேர்த்துப் படித்தால் பிளஸ் டூ மாணவியைவிட வேகமாகப் பிடிபடும்.

புள்ளியியல்தான் எல்லோருக்கும் உதைக்கும். பெரும்பாலும் எந்தச் சோதனையை எங்கே போடுவது என்பதில்தான் குழப்பம். இரண்டு குழுக்களின் சராசரி இரத்த அழுத்தத்தை ஒப்பிடுகிறீர்களா? டி-சோதனை. எத்தனை பேர் கைகழுவினார்கள், எத்தனை பேர் கழுவவில்லை என்று தலை எண்ணுகிறீர்களா? கை-வர்க்கச் சோதனை (chi-square). இந்த ஒரு வேறுபாடு தெளிவாகிவிட்டால் ஆய்வறிக்கையின் பாதிச் சிக்கல் தீரும்.

ஆங்கிலத்தில் எழுத வராதே?

தேர்வுத் தாள் விரிவான விடை, சிறுகுறிப்பு, குறுவிடை என்று பிரிந்திருக்கும். நீண்ட வாக்கியம் யாரும் கேட்கவில்லை. வரையறை, காரணங்கள், அறிகுறிகள், நர்ஸின் பணி என்று தலைப்புப் போட்டுச் சிறு வாக்கியங்களில் எழுதி, ஒரு படம் வரையுங்கள். பழைய வினாத்தாள்களில் கடிகாரம் வைத்து எழுதிப் பார்ப்பது முக்கியம். பல ஆண்டு பேனா பிடிக்காத கை மூன்று மணிநேரம் தாங்காது.

பட்டம் இல்லாமலே முன்னேற வேறு வழி உண்டா?

உண்டு. ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமாக்கள்: தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தை, புற்றுநோய், அறுவை அரங்கு, மனநலம், அவசர சிகிச்சை முதலியன. பதிவும் ஓராண்டு அனுபவமும் உள்ள ஜிஎன்எம் நர்ஸ் சேரலாம். படுக்கைப் பக்கத்திலேயே இருந்து ஒரு துறையில் ஆழமாகப் போக விரும்புகிறவருக்குப் போஸ்ட் பேசிக் பட்டத்தைவிட இதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. கற்பித்தலும் நிர்வாகமும் வேண்டுமானால் பட்டம்.

வெளிநாட்டுக்குப் பட்டம் கட்டாயமா?

நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் ஜிஎன்எம் நர்ஸும் பதியலாம். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 7, எழுத்தில் மட்டும் 6.5, பிறகு அவர்களுடைய கணினித் தேர்வும் செயல்முறைத் தேர்வும். பிரிட்டன்தான் இலக்கு என்றால் இரண்டு ஆண்டைப் பட்டத்தில் போடாமல் ஆங்கிலத்தில் போடுங்கள். சவூதியில் பட்டதாரிக்கும் டிப்ளமாவுக்கும் தொழில்நிலையே வேறு வேறு. அங்கே பட்டம் பெரிய வித்தியாசம் செய்யும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வெளியிடும் அறிவிப்புகளைச் சில மாதம் தொடர்ந்து படித்தால் எந்த நாடு என்ன கேட்கிறது என்பது தெளிவாகும்.

எம்.எஸ்சி.க்குப் போக எத்தனை மதிப்பெண்?

மொத்தத்தில் 55 சதவீதம். ஓராண்டு அனுபவமும் வேண்டும். போஸ்ட் பேசிக் படித்தவருக்கு அந்த அனுபவம் பட்டத்துக்கு முன் பெற்றதாகவும் இருக்கலாம். நேரடி பி.எஸ்சி. படித்தவருக்கு இந்த வசதி இல்லை. தேர்ச்சிக்கு 50 போதும் என்று முதல் ஆண்டில் அசட்டையாக இருந்துவிட்டு, கடைசியில் 54-இல் நிற்பவர்கள் உண்டு.

பட்டம் முடித்ததும் செய்ய வேண்டியது?

கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதியுங்கள். பதியாத பட்டத்தைப் பல வேலைவாய்ப்பு அமைப்புகள் கணக்கில் எடுக்காது. வகுப்பு, செயல்முறை மணிநேரத்தோடு கூடிய டிரான்ஸ்கிரிப்டையும் உடனே வாங்கிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துப் போனால் முதல்வரும் அலுவலரும் மாறியிருப்பார்கள், பதிவேடு எந்த அலமாரியில் என்று தேடுவதற்கே வாரக்கணக்காகும்.

நடுவில் கர்ப்பமானால், அல்லது குடும்பச் சூழலால் நிறுத்தினால்?

80 சதவீத விதி விடுப்பின் காரணத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே பிரசவம் தேர்வுக்கு அருகில் வருமானால், இழுத்துப் பிடித்துத் தேர்வெழுத முயன்று வருகை குறைந்து நிற்பதைவிட, முறைப்படி இடைநிறுத்தம் கேட்டு எழுதிக் கொடுத்து அடுத்த அணியோடு சேர்வது நல்லது. சேர்ந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பை முடித்தாக வேண்டும். முதல்வருக்குக் கொடுக்கும் கடிதத்தின் நகலில் வரவுப் பதிவு எண்ணும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் நின்றவரைத் திரும்பச் சேர்ப்பதற்குப் பல்கலைக்கழகத்தின் தனி அனுமதி வேண்டும், அபராதமும் வரும்.